தள்ளிப் பாருங்க, மகள்

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். வாப்பா, உம்மா, நானா, நான், தம்பி. ஆறாவது ஆள் வாசலில் நிற்கும் பச்சை த்ரீவீல். இரவில் கதவைப் பூட்டுவதற்கு முன் வாப்பா டோர்ச் அடித்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். "அதுக்கும் போர்வை போத்தி விடுங்களேன்" என்று உம்மா சொல்வார். மழைக்காலத்தில் உண்மையிலேயே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டுத்தான் வருவார்.

தெஹியோவிட்டவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவிசாவளையைத் தாண்டி யட்டியாந்தோட்டைப் பக்கம் போகும் ஹட்டன் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிவர இறப்பர் மலைகள். பிரதான பாதையில் பஸ் ஓடும். அதைவிட்டு விலகி மேலே ஏறும் தோட்டப் பாதைகளில் த்ரீவீல்தான் பஸ், த்ரீவீல்தான் அம்புலன்ஸ். பிரசவ வலியோடு வரும் பெண்களையும், காய்ச்சலில் முனகும் பிள்ளைகளையும், அரிசி மூட்டையையும் வாப்பா ஏற்றி இறக்கியிருக்கிறார். நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் செலவும் அந்த மூன்று சில்லுகளில்தான் உருண்டு வருகிறது.

2022 ஆம் ஆண்டை நம் நாட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். பெற்றோல் வரிசையில் வாப்பா வண்டிக்குள்ளேயே தூங்கிய இரவுகள் உண்டு. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் கொடுத்தார்கள். ஒயில், உதிரிப்பாகம், சேர்விஸ் கூலி எல்லாம் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் வேறொரு வண்டியைப் பற்றி நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. இருக்கிற வண்டியை எப்படியாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்த வருடம்தான் வாப்பா ஒயில் மாற்றும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முன்பு ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒயிலைப் பெற்றோலோடு கலந்துவிடுவார்கள். அது எரிந்து புகையாகப் போய்விடும். 2008 முதல் அப்படியான த்ரீவீல்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. எங்களுடையது நாலு ஸ்ட்ரோக். இதில் ஒயில் எஞ்சினின் அடியில் தங்கி நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். கறுத்துப் போனதும் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். த்ரீவீலின் எஞ்சின் இருப்பதோ பின்னால், பயணிகள் ஆசனத்துக்கும் பின்னால். எனவே வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி, கையை அடியில் விட்டாக வேண்டும்.

வாப்பா உயர்த்திய விதம் எங்கள் ஊரில் பலர் உயர்த்தும் விதம்தான். ஒரு பக்கத்தைப் போத்தல் ஜெக்கால் கிளப்புவார். பிறகு பொந்து வைத்த சீமெந்துக் கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் தள்ளுவார். ஜெக்கை இறக்கிவிட்டுக் கல்லின் மேல் வண்டியை இருத்துவார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பழைய பாயில் படுத்து, தலையும் வலது கையும் வண்டிக்கடியில் போகும்வரை நகர்ந்துகொள்வார். நானா கட்டாருக்குப் போன பிறகு டோர்ச் பிடிப்பதும் ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பதும் என் வேலையாயிற்று.

சென்ற வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு வாப்பா வேலையைத் தொடங்கினார். முதல் நாள் இரவு முழுக்க மழை பெய்திருந்தது. வாசல் மண் காலை வைத்தால் உள்வாங்கும் பதத்தில் இருந்தது. வண்டி கல்லில் ஏறிவிட்டது. எனாமல் பேசின் அடியில் போய்விட்டது. வாப்பா படுத்தபடி ஸ்பெனர் கேட்டார். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"இதில்ல மகள். மத்தது."

அளவு மாறிவிட்டது. அதைத் திருப்பித் தருவதற்காக வாப்பா கையை வெளியே எடுத்து, தலையையும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். நான் குனிந்து மற்ற ஸ்பெனரைத் தேடிக்கொண்டிருந்தேன். "டொக்" என்று ஒரு சத்தம். தேங்காய் உடைக்கும் சத்தம் போலத்தான் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வண்டி கீழே இருந்தது.

கல் வெடித்து நாலு துண்டாகிக் கிடந்தது. எனாமல் பேசின் ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தது. வாப்பாவின் கை எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில்தான் அந்தப் பேசின் நசிந்திருந்தது.

வாப்பா எழுந்து பாயில் உட்கார்ந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உம்மா சமையலறைக் கதவில் நின்றார், ஒன்றும் பேசவில்லை. ஏதாவது சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். அன்றிரவு நான் தூங்கவில்லை. சரியான ஸ்பெனரை முதலிலேயே கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? என் வாழ்நாளில் ஒரு பிழை செய்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

அடுத்த முறை நான் வீட்டுக்குப் போனபோது வாப்பா மறுபடியும் ஒயில் போத்தலோடு நின்றார். பக்கத்தில் இரண்டு புதிய சீமெந்துக் கற்கள்.

"வாப்பா, கல்லு வாணாம்."

"இது நல்ல கல்லு மகள். போன முற வாங்கினது பழசு."

"கல்லு பழசோ புதுசோ, அது வெடிக்கிற சாமான். நீங்க அடியில போனா நான் டோர்ச் பிடிக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என் குரல் உயர்ந்திருந்தது எனக்கே கேட்டது. வாப்பாவை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவருடைய முகம் சிறுத்துவிட்டது. "இவ்வளவு நாளும் அல்லாஹ் காப்பாத்தினான். இனியும் காப்பாத்துவான்" என்றார்.

அப்போது உம்மா உள்ளேயிருந்து பேசினார். "ஒட்டகத்தக் கட்டாம விட்டுட்டுத் தவக்குல் வெக்கவான்னு கேட்டவருக்கு றஸூலுல்லாஹ் என்ன செல்லீக்காங்க? கட்டிப் போட்டுட்டுத் தவக்குல் வெக்கத்தானே சென்னாங்க? நம்மட ஒட்டகத்த முதல்ல கட்டுங்க."

வாப்பா எதுவும் சொல்லாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "சரி, ஒங்கட பௌதிகம் என்ன செல்லுது? செல்லுங்க பாப்பம்" என்றார்.

நான் அடுப்புக்கரித் துண்டொன்றை எடுத்து விறாந்தைச் சீமெந்தில் மூன்று புள்ளி வைத்தேன். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். வண்டியின் முழுப் பாரமும் ஒரே புள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதுதான் புவியீர்ப்பு மையம். அந்தப் புள்ளிக்கு நேர்கீழான இடம் முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். கோட்டைத் தாண்டினால் சரியும். காருக்கு நாலு மூலை இருப்பதால் அந்த இடம் அகலம். த்ரீவீலுக்கு மூன்றுதான். வளைவில் வேகமாகத் திருப்பினால் த்ரீவீல் கவிழ்வதும் இதனால்தான்.

"இப்ப பின்னுக்கு ஒரு சில்லத் தூக்கினா?" என்று வாப்பா கேட்டார்.

நான் ஒரு புள்ளியை விரலால் அழித்தேன். மிஞ்சியது இரண்டு புள்ளி. முக்கோணம் போய் வெறும் கோடாகிவிட்டது. மூன்றாவது மூலையாக இருப்பது ஜெக்கோ கல்லோ மட்டும்தான். 300 கிலோவுக்கு மேல் நிறையுள்ள வண்டியில் எஞ்சினும் பெற்றோல் தாங்கியும் பின்னால் இருப்பதால் பாரத்தின் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் இறங்கும். அந்த மூலை வழுக்கினால் விழுவதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. பொந்துக் கல் சுவர் கட்டுவதற்கு நல்லது. சுவரில் பாரம் கல்லின் முகம் முழுவதும் பரவி இறங்கும். வண்டியின் இரும்பு விளிம்பு ஓரிடத்தில் மட்டும் அழுத்தும்போது மெல்லிய கல் திடீரென்று வெடிக்கும். நல்ல மரம் அப்படியல்ல. நசியும், முனகும், விலகுவதற்கு நேரம் தரும்.

இந்த மையத்தைப் பற்றி நம்மவர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள் என்பதையும் வாப்பாவுக்குச் சொன்னேன். மர்வ் நகரில் வாழ்ந்த அல் காஸினி என்ற அறிஞர், 1121 ஆம் ஆண்டளவில் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலில் தராசைப் பற்றியும் பொருட்களின் புவியீர்ப்பு மையத்தைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார். "அவருட்டயும் த்ரீவீல் ஈந்ததா?" என்று வாப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் என் பாடப்புத்தகம் பாதி வழிதான் கொண்டுபோனது. கல்லுக்குப் பதிலாக மரக்கட்டை வைத்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று மாலை வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டவுனில் அவருக்குப் பழக்கமான கராஜ் பாஸிடம் போனார். பாஸ் சிங்களத்தில் பேசினார். நாங்களும் தெரிந்த சிங்களத்தில் பேசினோம். முக்கோணத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "முக்கோணம் அவ்வளவு நல்லதென்றால், அதை ஏன் உடைக்கிறீர்கள், மகள்?"

அவர் விளக்கினார். ஒயில் மாற்றுவதற்கு ஒரு சில்லைத் தரையைவிட்டுக் கிளப்பவே தேவையில்லை. கை போகுமளவுக்குப் பின்பக்கம் உயர்ந்தால் போதும். இரண்டு பின்சில்லுகளையும் ஒன்றாகப் பலகையில் ஏற்றிவிடு. மூன்று சில்லும் மூன்று இடத்தில் ஊன்றியிருக்கும். இன்னொரு விஷயமும் சொன்னார். ஒரு பின்சில்லு மட்டும் அந்தரத்தில் நின்றால், கியரில் போட்டிருந்தாலும் அது வண்டியைப் பிடித்துவைக்காது. பாரமில்லாத சில்லு சும்மா சுற்ற, மற்றச் சில்லு உருளும். இரண்டும் ஊன்றியிருந்தால் கியரும் பிடிக்கும், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கும். "சில பேர் ரெண்டு மூன்று ஆளாகச் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைப்பார்கள். பெற்றோல் வழியும், பெட்டரி அசிட் வழியும், ஆள் மேலேயும் விழும். அதைச் செய்யவே வேண்டாம்" என்றார். புறப்படும்போது வாப்பாவின் தோளில் தட்டி, "ஜெக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இல்லை" என்றார்.

உம்மும்மாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய பலாப் பலகைகள் எங்கள் கோடியில் கிடந்தன. இறப்பர் மரம் எங்களூரில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்து உளுத்துவிடும். பலா அப்படியல்ல. 2 அங்குலத் தடிப்புள்ள பலகைகளைப் படி போல மூன்று அடுக்காக அடித்தோம். கீழே நீளமானது, நடுவில் அதைவிடக் குட்டை, மேலே சில்லு தாராளமாக நிற்குமளவு. மொத்தம் 6 அங்குல உயரம். அகலம் சில்லைப் போல இரண்டு மடங்கு. மேல் பலகையின் முன் நுனியில், சில்லு தாண்டிப் போகாதபடி குறுக்காக ஒரு கட்டை. இப்படி இரண்டு செய்தோம்.

முதல் முறை அதைப் பயன்படுத்தியபோது நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படலாம்.

மழை விட்டு, மண் காய்ந்து, தரை சமமாக இருக்கும் இடத்தைத் தெரிந்தோம். எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தது. கொதிக்கும்போது வடித்தால் கை வெந்துவிடும், முற்றிலும் குளிர்ந்தால் ஒயில் மெதுவாக வரும். பலகை இரண்டையும் பின்சில்லுகளுக்கு முன்னால் நேராக வைத்தோம். த்ரீவீலில் ஒரு வசதி: முன்சில்லு நடுவில் இருப்பதால் இரண்டு பலகைக்கும் இடையால் அது போய்விடும். வாப்பா முதலாவது கியரில் மெதுவாக முன்னால் எடுத்தார். நான் பக்கத்தில் தள்ளி நின்று பார்த்துச் சொன்னேன். முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவில்லை. தம்பியைப் பிடித்துவைத்திருப்பது உம்மாவின் பொறுப்பு. அவனைப் பிடிப்பதைவிட வண்டியைப் பிடிப்பது சுகம் என்று உம்மா இன்றும் சொல்வார்.

சில்லுகள் மேல் பலகையில் ஏறிக் கட்டையில் முட்டியதும் எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, திறப்பை எடுத்து வாப்பா தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி இப்போது முன்பக்கம் தாழ்ந்து நிற்பதால் முன்னால்தான் உருளப் பார்க்கும். ஆகவே ஹேண்டிலை நேராக வைத்து, முன்சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஆப்புக்கட்டை வைத்தோம். பின்சில்லுகளுக்குப் பின்னாலும் வைத்தோம்.

கடைசியாக, யாரும் அடியில் போவதற்கு முன், நான் வண்டியின் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். ஸ்பிரிங்கில் கொஞ்சம் ஆடியது. பலகை அசையவில்லை.

"சரியா?" என்றார் வாப்பா.

"சரி வாப்பா."

அதன் பிறகுதான் அவர் படுத்தார். அப்போதும் தலையை உள்ளே விடவில்லை. பின்னாலிருந்து கை எட்டியது. போல்ட் கழன்றது. கறுத்த ஒயில் நூல் போல அந்த நசிந்த எனாமல் பேசினில் இறங்கியது. பேசின் ஒரு பக்கம் தட்டையாக இருந்ததால் அது முன்பைவிட நன்றாக அடியில் நுழைந்தது! போல்ட்டையும் வொஷரையும் துடைத்துப் பூட்டி, வண்டியைக் கீழே இறக்கி, சமதரையில் நிறுத்திய பிறகுதான் புதிய ஒயிலை ஊற்றி அளவு பார்த்தோம். சரிவில் நிற்கும்போது அளவு பார்த்தால் பிழையாகக் காட்டும்.

பழைய ஒயிலை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் சிலர் கானில் ஊற்றிவிடுவார்கள். எங்கள் கான் தண்ணீர் ஓடைகளில் விழுந்து கடைசியில் களனி கங்கையில்தான் சேரும். அம்பத்தலையில் அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வாப்பா ஒயிலைப் போத்தலில் நிரப்பிக் கராஜ் பாஸிடம் கொடுத்துவிடுகிறார். அங்கே சேர்த்துவைத்து எடுத்துப் போகிறவர்களிடம் ஒப்படைப்பார்கள்.

அன்று வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி, "பொம்புளப் புள்ளைக்கு இந்த வேல என்னத்துக்கு? கையெல்லாம் ஒயிலு" என்றார். என் கையைப் பார்த்தேன். உண்மைதான், நகத்தடியில் கறுப்பு. நான் பதில் தேடுவதற்குள் வாப்பா சொன்னார். "அவதான் மாமி எனக்குக் கை."

மாமிக்கு அது விளங்கியதோ தெரியாது. உம்மாவுக்கு விளங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெற்றோருக்கு எதிராகக் குரல் உயர்த்தக் கூடாது என்று நாம் படித்து வளர்ந்தவர்கள். நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அன்று என் குரல் உயர்ந்ததற்காக அன்றிரவே வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சொன்ன விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கச் சொல்லவில்லை. நமக்காக வண்டிக்கடியில் படுப்பவர்களிடம் "இது ஆபத்து" என்று சொல்வது மரியாதைக் குறைவாகாது. மெதுவாகச் சொல்லத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

இப்போது வாப்பா விடுதிக்குத் தொலைபேசி எடுத்தால், சுகம் விசாரித்து, பாடம் விசாரித்து, கடைசியில் ஒன்று சொல்வார். "ஒயில் மாத்த இன்னும் முந்நூறு கிலோமீற்றர்தான் ஈக்கு. எப்ப வாறீங்க?" அது வண்டிக்காக மட்டும் கேட்கும் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தெரியாதது போல, "வெள்ளிக்கிழமைக்கு வாறேன் வாப்பா, இன்ஷா அல்லாஹ்" என்பேன்.

நான் போகும்வரை பலகைகள் விறாந்தையில் சாத்தியிருக்கும். வண்டியை ஏற்றி, பிரேக் போட்டு, ஆப்பு வைத்து, பாயையும் விரித்துவிட்டு வாப்பா காத்துக்கொண்டிருப்பார். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வரும்வரை அடியில் ஒரு விரலைக்கூட விடமாட்டார்.

"தள்ளிப் பாருங்க, மகள்" என்பார்.

நான் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிப் பார்ப்பேன்.

— உயர்தர மாணவி, பௌதிக விஞ்ஞானப் பிரிவு